மூன்றாம் தொட்டி மீன்

மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியை ஞானசௌந்தரியிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்துவந்தான் சுடலைமுத்து. கெட்டிக்காரன். அது அவனுக்கும் நன்றாகவே தெரியும்.

மீன் சூட்டைத் தாங்குமா என்று பார்க்க, கோடை முழுக்க மூன்றாம் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கியே வைத்திருந்தான். ஒரு கெண்டைகூடச் சாகவில்லை. காலையில் செத்த மீன்களை எண்ணி எழுதுவது அங்கே வழக்கம். அவன் பூஜ்யம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

அன்று பேராசிரியை தொட்டியருகே வந்து நின்றார்.

"குவார்ட்டர்ஸ் ஒண்ணு காலியாக் கெடக்கு. மாரிச்செல்வியக் கூட்டிட்டு வந்துரலாமே?"

"என் பொண்டாட்டி ஊர்ல எங்கம்மாகூட நல்லாத்தான் இருக்கா மேடம்."

"உங்கம்மா பேச்சுத் தாங்காம போன்ல அழுதான்னு சொன்னியே."

"அது அப்போ. இப்பப் பழகிட்டா. ஒண்ணும் சொல்றதே இல்ல." அவன் தொட்டியைப் பார்த்துச் சிரித்தான். "இந்த மீன் மாதிரிதான். சூடு பட்டதும் உடம்பே ஒரு புரதத்த உண்டாக்கிச் சமாளிச்சுக்கிடுது. எத்தனை கோடி வருஷத்து ஏற்பாடு மேடம் இது!"

பேராசிரியை வலையை எடுத்து மூன்றாம் தொட்டியில் ஒரு மீனைப் பிடித்து வாளியில் விட்டார். சூடேற்றாத முதல் தொட்டியிலிருந்து இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள். முதல் தொட்டி மீன் உள்ளங்கை நீளம் இருந்தது. மூன்றாம் தொட்டி மீன் சுண்டுவிரலைத் தாண்டவில்லை.

சுடலைமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டுக்கும் ஒரே இரைதான் மேடம் போடுறேன்."

"போடுறே. சூட்டுல உடம்புக்குள்ள இருக்கிற மத்த புரதமெல்லாம் உருக்குலையுது. நீ சொன்ன புரதம் அதையெல்லாம் தாங்கிப் பிடிக்கணும். ராவும் பகலும் அதே வேலை. தின்னதெல்லாம் அதுக்கே போயிருது. வளர எங்க மிச்சம் இருக்கு?"

அவன் குனிந்து வாளிக்குள் பார்த்தான்.

"மாரிச்செல்வி ஏதோ பரீட்சைக்குப் படிச்சாளே?"

"விட்டுட்டா மேடம்."

"பாடுவான்னு சொல்லுவியே?"

யோசித்துப் பார்த்தான். கடைசியாக எப்போது கேட்டான் என்று நினைவு வரவில்லை.

சின்ன மீன் வாளியின் ஓரத்தில் ஒரே இடத்தில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"இதக் குளுந்த தண்ணிக்கு மாத்தினா தேறிருமா மேடம்?"

"தெரியல. அதான் சாகலையேன்னு நீ இதுவரைக்கும் மாத்திப் பாக்கவே இல்லையே."