மர வைத்தியர்களுக்கு வாங்கிய கயிறு

கொன்றையூரை ஆண்ட பூவராக மன்னருக்குத் திடீரென்று மரங்கள் மேல் பாசம் பொங்கியது. ஆடிக் காற்றில் ஒரு புளியங்கிளை முறிந்து அவருடைய பல்லக்கை நசுக்கியதுதான் காரணம். நல்லவேளை, பல்லக்கில் அப்போது அவருடைய தலைப்பாகை மட்டுமே இருந்தது.

"பட்ட கிளையைக் கழிக்க, பொந்துக்கு மருந்து பூச, இருபது மர வைத்தியர்களைப் பழக்குங்கள்!" என்றார்.

பயிற்சிக்குச் சாமான் வாங்கும் பொறுப்பு பண்டகசாலை அதிகாரி அனந்தராயருக்குப் போயிற்று. அவர் நேரே மைத்துனர் கடைக்குப் போனார். வந்து இறங்கிய சாமானைப் பார்த்து அரண்மனையே வாய்பிளந்தது. தலைக்குப் பட்டுக் குல்லாய். அரம்பத்தின் பிடியில் வெள்ளிக் கிளி. அரம்பத்துக்குப் பல்தான் இல்லை. கயிறோ பொன் நிறம், சந்தன வாசனை வேறு.

முதல் நாளே மாசிலான் என்பவன் அந்தக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வேம்பில் ஏறினான். ஆளுயரம் தாண்டியதும் கயிறு அறுந்தது. கால் ஒடிந்தது. "கயிறு சரியில்லை" என்று முனகினான்.

"ஏறத் தெரியாதவன் மன்னர் கொடுத்த கயிற்றைப் பழிக்கிறான்" என்றார் அனந்தராயர்.

மன்னர் சிவந்துபோனார். "சாமானைக் குறை சொல்பவன் எவனானாலும் நாடு கடத்துவேன்! நாளை எல்லாரும் அகழி ஓரத்து இலுப்பையில் ஏற வேண்டும்!"

அந்த இலுப்பை தண்ணீரின் மேல் சாய்ந்து நிற்பது. தண்ணீரில் முதலைகள். மிச்சமிருந்த பத்தொன்பது பேரும் அரசவை விகடர் கூத்தபிரானிடம் ஓடினார்கள்.

மறுநாள் கூத்தபிரான் இலுப்பையடியில் கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அரசே, இப்படிப்பட்ட கயிற்றைத் தேடிப் பிடித்தவருக்கு முதல் மரியாதை வேண்டாமா? அனந்தராயர்தான் முதலில் மேலே போகவேண்டும்."

"எனக்கு மரம் ஏறத் தெரியாதே!" என்றார் ராயர்.

"நீங்கள் ஏன் ஏறவேண்டும்? சும்மா தொங்குங்கள். நாங்கள் இழுக்கிறோம். பாரமெல்லாம் கயிற்றுக்குத்தான்."

"கட்டுங்கள்!" என்றார் மன்னர்.

கட்டினார்கள். இழுத்தார்கள். ராயர் அகழிக்கு மேல் ஊசலாடினார். 'படக்'கென்று கயிற்றில் ஒரு புரி அறுந்தது. கீழே ஒரு முதலை கொட்டாவி விட்டது.

"ஐயோ, இறக்குங்கள்! இது வெறும் வாழைநார்! பூனைக்குட்டியைக்கூடத் தாங்காது!"

கூத்தபிரான் மன்னர் பக்கம் திரும்பினார்.

"அரசே, சாமானைக் குறை சொல்லிவிட்டார்" என்றார் வருத்தமாக.

மன்னர் திருதிருவென்று விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, ராயரை இறக்கச் சொன்னார். ராயர் அன்றே மைத்துனரோடு எல்லை தாண்டினார். மாசிலானுக்கு அரண்மனை மருத்துவர் கட்டுப் போட்டார்.

"இனிமேல் சாமானை நீரே வாங்கும்" என்றார் மன்னர் கூத்தபிரானிடம்.

"தரையில் நிற்கிற நான் எதற்கு? தொங்கப்போகிறவர்களையே கடைக்கு அனுப்புங்கள். கிளியைப் பார்க்கமாட்டார்கள், கயிற்றைப் பார்ப்பார்கள்."

பத்தொன்பது பேரும் சந்தைக்குப் போனார்கள். கடைக்குள்ளேயே உத்திரத்தில் கயிற்றைக் கட்டி எல்லாரும் ஒன்றாகத் தொங்கிப் பார்த்தார்கள்.

மாலையில் கடைக்காரர் அழுதுகொண்டே அரண்மனைக்கு வந்தார்.

"ஏன், கயிறு அறுந்துவிட்டதா?" என்றார் மன்னர்.

"கயிறு நன்றாக இருக்கிறது, மகாராஜா. கடைதான் விழுந்துவிட்டது!"