மூவருக்கு ஒரு கட்டில்

வீட்டைக் கட்டியவனையே அந்த வீட்டுக்கு அந்நியனாக்கிவிட்டாய். உன் பெயரை நான் எழுதவில்லை. படித்ததும் உனக்கே சுடும். மற்றவர்கள் கதையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

நாமக்கல்லில் பழைய லாரி டயர் வாங்கி விற்கிறவன் நான். எதிர்க்கடையில் பேட்டரி விற்கிறவன் நீ. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மதியம் அவரவர் வீட்டில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரே விளையாட்டுக்குள் இறங்குவோம். அன்று புதிதாக ஜெபசிங்கும் சேர்ந்தான். தூத்துக்குடிக்காரன், லாரி புக்கிங் ஆபீசில் வேலை. அந்த விளையாட்டை அதற்குமுன் அவன் தொட்டதே இல்லை.

ஆளில்லாத பனித்தீவில் வெறுங்கையோடு இறக்கிவிடுவார்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, குளிரில் சாவதற்குள் ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும். விளையாடுகிறவர்கள் அதை பேஸ் என்பார்கள். செத்தால் ஆட்டம் முடியாது. தன் கட்டிலில் எழுந்துகொள்ளலாம். கட்டில் இல்லாதவன் தீவின் மறுகோடிக் கடற்கரையில் எழுவான். அதோடு வீட்டுக்கும் அவன் அந்நியன். வீட்டார் யாராவது சேர்த்துக்கொண்டால்தான் கதவு மறுபடி அவன் கைக்குத் திறக்கும்.

ஒரு கட்டில் ஒருவருக்குத்தான். வேறொருவர் படுத்துவிட்டால் முந்தியவரின் உரிமை போயிற்று. போர்வையும் புதியவரின் சட்டை நிறத்துக்கு மாறிவிடும். என் சட்டை சிவப்பு, உன்னுடையது பச்சை, ஜெபசிங்குடையது நீலம்.

ஆற்றோரம் அழகாக இருக்கிறது, அங்கே கட்டலாம் என்றாய். அழகு ஓநாயை நிறுத்துமா என்று கேட்டேன். செங்குத்தான பாறை ஒன்றை ஒட்டி இடம் பிடித்தேன். மனிதன் கையை ஊன்றி ஏறிவிடலாம், ஓநாயால் முடியாது. அங்கே எழும்பியது ஒற்றை அறை. நடுவில் அடுப்பு, அடுப்பை ஒட்டிக் கட்டில். கட்டில் செய்ய மான் தோல் வேண்டும். கையிலிருந்த தோலுக்கு ஒன்றுதான் தேறியது. மரமெல்லாம் நான் வெட்டியது, ஆகவே கட்டில் எனக்கு என்று பேசி முடித்து, ஒருமுறை படுத்தும் எழுந்தேன். போர்வை சிவப்பானது.

"அப்ப எங்க ரெண்டு பேருக்கும் நீங்கதான் தோல் கொண்டாந்து தரோணும்ங்ணா" என்றாய். நியாயமான பேரம். ஒத்துக்கொண்டேன்.

கிளம்புமுன் ஒரு சட்டமும் போட்டேன். பனிக்காற்று கிளம்பினால் தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும். பெற்ற தாயே வந்து தட்டினாலும் காற்று அடங்கும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் அடுப்பு அணையும். உள்ளே இருப்பவரும் விறைத்துச் சாக வேண்டியதுதான்.

காட்டில் மான் உரித்துக்கொண்டிருந்தேன். ஹெட்செட்டில் உங்கள் இருவர் பேச்சும் கேட்டது.

"டேய் ஜெபா, நம்ம வீட்டுக்கு நீலம்தான்டா எடுப்பா இருக்குது!"

இருவரும் சிரித்தீர்கள். எதற்கோ சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "அண்ணாச்சி, அம்மா கூப்புடுதா, சாப்பிட்டுட்டு வாரேன்" என்று ஜெபசிங் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டான். தீவு வீட்டில் நீ மட்டும்.

காற்று கிளம்பியது. தோல் மூட்டையோடு ஓடிவந்தேன். பின்னால் ஓநாய்க் கூட்டம். கதவை இடித்தேன்.

"தாழ்ப்பாளைத் தூக்குடா!"

"நீங்க போட்ட சட்டந்தானுங்ணா. தொறந்தா அடுப்பு அணைஞ்சிரும்."

"சரி, தொலை. நான் பாறை மேல ஏறி, தோலைப் போத்திக்கிட்டு உக்காந்துக்கறேன்." ஒரு காலைப் பாறையில் வைத்தும்விட்டேன்.

"எதுக்குங்ணா அந்தப் பாடு? கம்முனு நின்னு செத்துப் போங்க. உள்ள உங்க கட்டில்லயே எந்திரிச்சுக்கலாம். மூட்டைய அப்பறமா எடுத்துக்கலாம்."

தட்டிப் பார்க்காமல் ஒரு டயரைக்கூடக் கைமாற்றாதவன் நான். உன் சொல்லைத் தட்டிப் பார்க்கவில்லை. பாறையிலிருந்து காலை எடுத்தேன். நின்றேன். ஓநாய்கள் வந்தன.

கண் விழித்தால் கடற்கரை. கையில் ஒன்றுமில்லை. திரையில் அந்த வீட்டுக்கு நேராக 'அந்நியர்' என்று என் பெயர்.

திரும்பி வந்த ஜெபசிங் பதறிப்போனான். "குளிருச்சேன்னு சும்மா படுத்துப் பாத்தேன் அண்ணாச்சி. படுத்தா கட்டிலு மாறும்னு எனக்குத் தெரியாதுல்லா!"

திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு வெளியே போனவன் நான். என் கட்டிலில் படுத்தவன் ஜெபசிங். கதவைத் திறக்காமல் சட்டத்தைக் காத்தவன் நீ. கேட்டவர்களே, சொல்லுங்கள்: கட்டியவனை வீட்டுக்கு வெளியே தள்ளியது இந்த மூவரில் யார்?

விடை: ஜெபசிங் அறியாமல் படுத்தான், அவன்மேல் பழியில்லை. கதவு திறக்காததைக் கேட்கவும் எனக்கு வாயில்லை, அது என் சட்டம். ஆனால் அடுப்பருகே நின்று, சிவப்புப் போர்வை நீலமானதைக் கண்ணால் பார்த்துச் சிரித்தவன் நீ. அந்தச் சிரிப்பு என் காதில் விழுந்தது. கட்டில் எனக்கில்லை என்று தெரிந்தும் 'உங்க கட்டில்' என்றாய். தள்ளியவன் நீதான்.

கட்டில் போனதைச் சொன்னால் கத்துவேன் என்று பயந்தாயா? கத்தியிருப்பேன். பாறைமேல் நின்று, உயிரோடு கத்தியிருப்பேன்!

என் மூட்டையை எடுத்து, உனக்கொரு பச்சைப் போர்வைக் கட்டில் போட்டுக்கொண்டாயாம். ஜெபசிங் அன்றே என்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். வெளியே தள்ளிய கைதான் திறக்க வேண்டும். எதிர்க்கடையிலிருந்து டீ கொடுத்தனுப்பிச் சமாதானம் பேசாதே. டீ ஆறித்தான் போகிறது. மிச்சத் தோலில் எனக்கொரு கட்டில் போடு. என் பெயரை நீயே சேர். கடற்கரையிலிருந்து வருகிற வழியெல்லாம் ஓநாய். வரும் ஞாயிற்றுக்கிழமை நான் நடந்து வருவேன். தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு வாசலில் வந்து நில்.