பக்கம் மாறிய எக்ஸ்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் ஆவுடையப்பன் சார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். நானும் அவரும் ஒரே மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கதையில் பொய் இருந்ததா, அல்லது அது உண்மையாக இருந்துவிடக் கூடாது என்று நான் நினைத்தேனா, தெரியவில்லை.

அவர் சொன்னது இது.

ஓய்வு பெற்ற கையோடு அவர் வீட்டை விட்டுக் கிளம்பி, மலைமேல் இருந்த ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்தார். குரு அவரைவிட வயதில் சிறியவர். மழைக்காலம் முடியும் சமயம் பால்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். சாரின் மனைவி கோமதி அடிவாரச் சத்திரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். கடைசி பஸ் வரை இருப்பார். அதற்குப் பிறகு வரவே மாட்டார்.

சார் சமையற்கட்டுக்குப் போனார். குரு அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார்.

"போகவா சாமி, இருக்கவா?"

"எதுக்கு வந்தீங்க வாத்தியாரே?"

"முப்பது வருஷத்துல அவ பேச்சும் என் பேச்சும் கலந்துபோச்சு. இதுல நான் எவ்வளவுன்னு எனக்கே தெரியல. தனியா இருந்து பாக்கணும்."

குரு ஒரு கரித்துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"எக்ஸும் ஒய்யும் வர்ற மாதிரி ஒண்ணு எழுதுங்க."

சார் தரையில் எழுதினார்: x + y = 10.

"ஒய்யைத் தனியாக்குங்க."

சார் எழுதினார்: y = 10 + x.

குரு குனிந்து பார்த்தார். "உங்க பசங்க இப்படி எழுதினா?"

சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "குட்டியிருப்பேன். பக்கம் மாத்தினா கூட்டல் கழித்தல் ஆகும்னு தொண்டை கிழியக் கத்தினவன் நான்."

"போன இடத்துல அது பழையபடியே இருக்கும்னு நினைச்சிட்டீங்க."

சார் கூட்டலை அழித்தார். y = 10 − x.

"இப்ப ஒய் தனியா இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"எக்ஸ் தெரியாம எப்படி சாமி..."

சார் கரித்துண்டைக் கீழே வைத்தார்.

குரு செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

"கையைக் கழுவிட்டு இறங்குங்க. கரி அவங்க சேலையில ஒட்டிக்கும்."

சார் எப்போதும் இந்த இடத்தில்தான் நிறுத்துவார். இலையை மடித்துவிட்டு எழுந்துபோவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை அவருக்கு. எனக்கும் அப்படித்தான், அடுத்த தெருவில்.

ஒரு கணக்கு வாத்தியார் அப்படித் தப்பாகப் போடுவாரா என்று மட்டுமே இத்தனை காலம் யோசித்திருக்கிறேன்.

நேற்று நல்ல மழை. மெஸ்ஸில் வேறு யாரும் இல்லை. அவர் இலையை மடிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், நீங்க இறங்கிப் போனப்போ அவங்க இருந்தாங்களா?"