வலி இல்லையாம்

மலையடிவாரத்து மடத்தில் அன்று விடிந்ததிலிருந்தே சீடன் செம்பியனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"பாருங்கம்மா! உலகத்துல பாதிக்கு மேல ஜனம் இன்டர்நெட்டுக்கு வந்தாச்சு. அதுல எந்த மொழி எவ்வளவுன்னு ஒருத்தன் வரிசை போட்டிருக்கான். நம்ம தமிழ எங்க வச்சிருக்கான் தெரியுமா? அடியில! பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும்."

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த குரு திலகவதியம்மா நிமிரவில்லை. "அதுக்கு?"

"விடமாட்டேன். நாறடிக்கிறேன்."

கட்டைவிரல் இரண்டும் போனில் பறந்தன. நடுவில் டிங்கென்று ஒரு சத்தம். பார்த்தான், 'சூப்பர்' என்று பதில் தட்டினான், மறுபடி சண்டைக்குப் போனான்.

"யாருடா?"

"மலைமேல இருக்காளே, என் தங்கச்சி கோமதி. மாசம் நிறைஞ்சிருக்குல்ல? வலி இல்லையாம்."

"படி."

"வலி இல்ல அண்ணா."

"நீ சொல்றத இல்ல. அவ எழுதினதப் படி."

"வி, ஏ, எல், ஐ..."

விரல் நின்றது. இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். வலி என்றும் படிக்கலாம், வழி என்றும் படிக்கலாம்.

கோமதியைக் கூப்பிட்டான். லைன் போகவில்லை.

அம்மா அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஜீப்ப எடுடா, மடையா!"

பாதி மலையில் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம் சாய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் கோமதி, புருஷன் தோளைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை மரத்துக்கு இந்தப் பக்கம் தூக்கி இறக்குவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

"வழி இல்லன்னு சொன்னா சூப்பரா? நீயெல்லாம் ஒரு அண்ணன்!" அந்த வலியிலும் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் குழந்தை வீறிட்டது. அப்பாடா என்று பெஞ்சில் சாய்ந்த செம்பியன் போனை எடுத்தான். போன கோபமும் கூடவே வந்துவிட்டது.

"இருந்தாலும் அந்த வரிசை போட்டவன விடக்கூடாதும்மா."

"காலையில என்ன எழுதின? காட்டு."

காட்டினான். தமிழன்டா என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக வசவு. அத்தனையும் இங்கிலீஷ் எழுத்து.

அம்மாவின் முகம் சிவந்தது. "இந்தப் போன்ல தமிழ் எழுத்தே கிடையாதா?"

"இருக்கும்மா."

"எங்க?"

போன் செட்டிங்கில் மொழி வரிசையைத் தள்ளித் தள்ளித் தேடினான்.

"இதோ... அடியில."

"அங்க வச்சது எவன்டா?"