ஒற்றைக் கைப் பிடி

"மேடம், அது விட்டுடுது!"

இருதயராஜ் கதவைக்கூடத் தட்டவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதில் ஆராய்ச்சிக்கு வந்த மனிதர். பத்து வயது இளைய தமீமாதான் அவருக்குக் குரு.

"எது விடுது?"

"எதிர்ப்புப் புரதம். வெறிநாய்க் கிருமியோட மேல இருக்கற முள்ளைப் பிடிக்குது. கொஞ்ச நேரம்தான், விட்டுடுது. முப்பது தடவை பார்த்தேன். முப்பது தடவையும் விட்டுடுச்சு."

ஊசிமுனையில் ஒரே ஒரு மூலக்கூறை ஒட்டிவைத்து, அது எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது என்று பார்க்கும் கருவியில்தான் அவர் சோதித்தார்; அது பொய் சொல்லாது.

மூன்று நாளுக்கு முன் இருதயராஜின் ஆறு வயது மகள் செலினைத் தெருநாய் கடித்துவிட்டது. கன்னத்தில். முதல் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி அதே புரதத்தையும் ஊசியாகப் போட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் ஆய்வகமே கதி என்று கிடந்தார். வெறிநோய் வந்தால் தண்ணீரைக் கண்டாலே மிரளும் என்பதால், மகள் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவருக்கு டம்ளரே பேயாகிவிட்டது.

தமீமா அவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியைக் காட்டினார்.

"ஏறுங்க."

உயரம் என்றாலே அவருக்கு உதறல். ஆனாலும் ஏறினார். பத்தாவது படியில் நிறுத்தினார் தமீமா.

"ஒரு கையை விடுங்க."

"ஐயோ, மேடம்!"

"விடுங்க."

விட்டார். ஏணி அதிர்ந்தது.

"விழுந்தீங்களா?"

"இன்னொரு கை பிடிச்சிருக்கே."

"நீங்க ஊசிமுனையில ஒட்டினதுக்கு எத்தனை கை?"

அவர் விட்ட கையைப் பார்த்தார்.

அந்தப் புரதத்துக்கு இயல்பிலேயே இரண்டு கை; இரண்டும் இருந்தால் அளவு குழம்பிவிடும். அந்தக் கருவியில் வேலை செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான்: போன வாரம் அவரே நொதியை ஊற்றி ஒரு கையை மட்டும் நறுக்கி எடுத்திருந்தார். பயத்தில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"ஒண்ணுதான். நான்தான் வெட்டினேன்."

தமீமா தலையசைத்தார். "செலினுக்குப் போட்டதுக்கு ரெண்டு கையும் இருக்கு."

"ஆனாலும் பயமா இருக்கு மேடம்."

"எனக்கும்தான். அடுத்த தடுப்பூசி என்னைக்கு?"

"இன்னைக்கு. பன்னிரண்டு மணிக்குள்ள."

"ஊசி போடறப்ப குழந்தையைப் பிடிச்சுக்கறது யாரு?"

"அவ அம்மா."

"அம்மா மட்டுமா?"

இருதயராஜ் இறங்கத் தொடங்கினார்.