இசக்கியம்மாள் இருக்கும் இடம்

"செத்த பிறகு நாம் எங்கே போகிறோம், அம்மா?" என்று கேட்டார் அருணகிரி.

உமையாளம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆறு வருஷமாகத் தேடுகிறீர்களே, என்ன கிடைத்தது?"

அருணகிரி கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அம்மையைவிட இருபது வயது மூத்த சீடர். ஆற்றங்கரைத் தோப்பில் அம்மையின் குடிசைக்குப் பக்கத்திலேயே தங்கி, மறுமையைப் பற்றி ஒவ்வொரு மதமும் சொல்வதை எழுதித் தொகுத்துவந்தார்.

கிடைத்ததைச் சொன்னார். பசுவின் வாலைப் பிடித்துக் கடக்கவேண்டிய வைதரணி ஆறு. மயிரிழையைவிட மெல்லிய பாலம், அதன் கீழே நெருப்பு. சமணர் சொல்லும் ஏழு கீழுலகங்கள். இறந்தவன் இதயத்தை ஒரு இறகுக்கு எதிரே தராசில் வைக்கும் எகிப்தியர். எல்லாவற்றையும் மறப்பதற்கு ஒரு கிழவி கஞ்சி ஊற்றித் தரும் சீனத்துப் பாலம்.

"இதில் எது உண்மை?"

அம்மை பழுத்த இலைகளைத் தனியே ஒதுக்கினார்.

படலைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். எழுபது வயதிருக்கும். வேட்டி முழங்கால்வரை புழுதி.

"நரகத்தப் பத்தி எல்லாம் தெரிஞ்சவரு இங்க இருக்காருன்னு சொன்னாவ."

அம்மை அருணகிரியைக் காட்டினார்.

வந்தவர் பெயர் சவரிமுத்து. கடற்கரை ஊரொன்றில் மாதா கோயில் மணியை நாற்பத்தோரு வருஷமாக அடிப்பவர். அவர் மனைவி இசக்கியம்மாள் இறந்து ஒரு மாதமாகியிருந்தது.

இசக்கியம்மாள் ஞானஸ்நானம் பெறவில்லை. பெறச் சொல்லி அவர் கேட்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை அவள் கோயிலுக்கு வெளியே வாகை மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். செவ்வாய்க்கிழமை அவள் அம்மன் கோயிலுக்குள் போனால், இவர் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பார்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு உறவுக்காரர்கள் வெளியூர்ப் போதகர் ஒருவரை அழைத்து வந்தார்கள். ஞானஸ்நானம் இல்லாமல் போனவளுக்கு அவியாத நெருப்புதான் என்று அவர் சொன்னார். நீர் நீதிமான், உமக்குப் பரலோகம் நிச்சயம் என்று ஆறுதலும் சொன்னார்.

இதைக் கேட்டு அருணகிரி மனம் வருந்தினார். எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படிச் சொல்வதில்லை, கடவுளின் இரக்கத்துக்கு எல்லை கிடையாது என்ற பெரியவர்களும் அதே வேதத்தைப் படித்தவர்கள்தான் என்றார். அவளுடைய நம்பிக்கைப்படி அவளுக்கு இன்னொரு பிறவி கிடைத்திருக்கும் என்றும் சொன்னார்.

சவரிமுத்து ஒன்றுவிடாமல் கேட்டார்.

"அவ தப்பிச்சிட்டான்னா சந்தோசம் அய்யா. ஒருவேள அந்தப் போதகர் சொன்னது நெசமா இருந்தா?"

"இருந்தால்?"

"அதுக்குத்தான் வழி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அருணகிரிக்குப் புரியவில்லை. "எதற்கு வழி?"

"அவ இருக்கிற எடத்துக்கு."

அவர் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் பெருசா பாவம்னு ஒண்ணும் செஞ்சதில்ல. இந்த வயசுக்கு மேல ஒருத்தருக்குக் கெடுதல் செய்யவும் மனசு வரல. யாருக்கும் நோவில்லாம அங்க போறதுக்கு ஒங்க புஸ்தகத்துல ஏதாவது வழி போட்டிருக்கா?"

அருணகிரி தன் தொகுப்பை மனதுக்குள் புரட்டினார். ஆறு வருஷத்தில் அவர் எழுதிய பக்கங்களெல்லாம் தப்பிக்கும் வழிகள்.

அம்மைதான் கேட்டார்.

"அங்கே போய் என்ன செய்வீர்கள்?"

"அவ சூடு தாங்கமாட்டாம்மா. சித்திர மாசம் முழுக்க ஒறங்க மாட்டா. பக்கத்துல இருந்து விசிறிக்கிட்டு இருப்பேன்."

"எவ்வளவு காலம்?"

இதென்ன கேள்வி என்பதுபோல் அவர் அம்மையைப் பார்த்தார்.

"அவ ஒறங்குற வரைக்கும்தான்."

ஆறு போகும் சத்தம் கேட்டது.

தான் எழுதிய நரகங்களில் ஒன்றின் நடுவே, சம்மணமிட்டு, பனையோலை விசிறியோடு சவரிமுத்து உட்கார்ந்திருப்பதை அருணகிரி கண்டார். சுற்றியிருந்த நெருப்பை அதன்பின் அவரால் பார்க்க முடியவில்லை.

அம்மை முறத்தைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் புழுதிக் காலில் விழுந்தார்.

சவரிமுத்து பதறிப் பின்வாங்கினார்.

அம்மை எழுந்து கைகூப்பினார்.

"நீங்கள் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா, அய்யா?"