காசையே கேட்டுச் சொல்

கரூர்ப் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்றில், யாரும் அதிகம் எட்டிப்பார்க்காத அறைக்குக் காவல் செங்கமலம். பேச்சுத் துணைக்கு ரோமாபுரி ராஜாக்களின் வெள்ளிக்காசுகள்தான்.

ஒருநாள் நிபுணர் ஞானசிகாமணி வந்து, ஒரு காசை எடுத்து நீட்டிக் கனைத்தார், ம்ஹ்ஹ்ஹும்! "காசோட பேசுறியாமே? இது எப்ப அடிச்சதுன்னு அதையே கேட்டுச் சொல்லு. தப்பாச் சொன்னே, நாளையிலிருந்து வராதே."

செங்கமலம் காசைக் காதில் வைத்துக் கேட்டாள். "ராஜா செத்தப்புறம் அடிச்சதாம் ஐயா. காசுக்குப் பக்கத்துல நீங்க எழுதி வெச்ச அட்டையிலதான் அவரு உயிரோட இருக்காரு."

"உளறாதே!"

"ராஜா தலையைச் சுத்தியிருக்கிற எழுத்துல ‘தெய்வமானவர்’னு இருக்குன்னு பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க? உயிரோட இருக்கிறவருக்கு யாராச்சும் தெய்வத்திருன்னு போடுவாங்களா?"

நிபுணர் அட்டையை உருவிச் சட்டைப்பையில் திணித்தார். "நாளைக்கு வந்துடு" என்று முனகிவிட்டு நடந்தார்.

அறை பழையபடி அடங்கியது.

"எம் மக கல்யாணப் பத்திரிகையில எங்க வீட்டுக்காரர் பேருக்கு முன்னாடியும் அதான் போட்டோம்" என்று செங்கமலம் காசிடம் சொன்னாள்.